ஆறு ஐம்பத்திரண்டுக்கு எடுத்த படம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். ஆறு மணிக்கு மேல் கொஞ்சம் காற்று.

புதுக் கேமரா வந்து இன்றோடு மூன்று வாரம். பழையது லென்ஸோடு இரண்டு கிலோவுக்கு மேல். கழுத்தெலும்பு தேய்மானம், இனி அதைத் தோளில் மாட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதால்தான் இந்த மிரர்லெஸ். உள்ளங்கை அகலம். நேற்று என் போட்டோ கடைக்கு வந்த கல்யாணப் பெண்ணின் அப்பா (உறையூர், ஆவணிக் கல்யாணம்) இதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுலயா கல்யாணம் எடுக்கப் போறீங்க? வெளயாட்டுச் சாமான் மாதிரி இருக்கே." இருப்பதில் பெரிய லென்ஸை மாட்டிக் காட்டிய பிறகுதான் முகம் தெளிந்தது. கல்யாணத்தன்று அதையே மாட்டிக்கொண்டு போக வேண்டியதுதான், வேறு வழியில்லை.

ஆடி முடிகிறவரை வேலை கம்மி. அதனால் காலையில் அம்மா மண்டபம் படித்துறை. ஆறு நிறையத் தண்ணீர். தர்ப்பணம் கொடுப்பவர்கள், துணி பிழிபவர்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்குபவர்கள். சத்தமே வராமல் எடுக்கிற வசதி இதில் உண்டு. பெரிய கேமராவைப் பார்த்தால் ஜனங்கள் தலைமுடியை ஒதுக்குவார்கள், இல்லையென்றால் முறைப்பார்கள். இதை யாரும் கண்டுகொள்வதில்லை. நாற்பது படம், ஒருவருக்கும் தெரியாது.

ஒரு அம்மாவைத் தவிர. ஐம்பது வயதுக்குள் இருக்கும். பச்சைப் புடவை, மேல்படியில் தனியாக. முகத்தில் பக்கவாட்டு வெயில். மூன்று எடுத்தேன். மூன்றாவதில் நேராக என்னைப் பார்த்துவிட்டார்.

"என்னையவா எடுத்தீங்க?"

"ஆமாங்க. வேணாம்னா அழிச்சிடறேன்."

"காட்டுங்க."

காட்டினேன். திரையில் வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான் இப்படித்தான் இருக்கேனா?"

என்னைக் கேட்டாரா, தனக்குத்தானே சொன்னாரா தெரியவில்லை. பிறகு, "அழிக்காதீங்க. நான் மட்டும் இருக்கிற படம் எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல" என்றார்.

துறையூர்ப் பக்கமாம். கடை திருவானைக்கோயிலில்தான், வந்தால் பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கீழ்ப்படியில் ஒருவர் ஈர வேட்டியை உதறினார். துளியெல்லாம் வெயிலில் பறந்தது. அதை எடுக்க ஓடினேன். திரும்பி வந்து கார்டு கொடுக்கலாம் என்று நினைத்து மறந்தே போனேன்.

வேட்டிப் படம் கலங்கிவிட்டது.

ஆகஸ்ட் 13, புதன்

பாஸ்போர்ட் போட்டோ ஏழு. அதில் ஒரு கைக்குழந்தை, கண்ணைத் திறக்கவே இல்லை. அதன் அப்பா சாவிக்கொத்தை ஆட்டி ஆட்டி ஓய்ந்து போனார்.

வாங்க: பேட்டரி இன்னொன்று (இதில் சார்ஜ் நிற்கவே மாட்டேன் என்கிறது), லென்ஸ் துடைக்கும் துணி, மனைவி ஜெயாவுக்குத் தலைவலித் தைலம்.

நேற்றுப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பச்சைப் புடவை அம்மா படம் ஒன்றுதான் உருப்படி. இவ்வளவு சின்னப் பெட்டியில் இவ்வளவு நுணுக்கமா! ரவிக்கைக் கையின் ஓரத்தில், பச்சைத் துணியைக் கறுப்பு நூலால் தைத்திருக்கிறார். தையல் தையலாக எண்ணலாம். ஜெயா ஸ்கூல் ஆபீஸ் விட்டு வந்ததும் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தாள். "பாவம், தூங்கி எத்தனை நாளாச்சோ."

எனக்கு அது தெரியவில்லை. வெளிச்சம்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஒன்பதரைக்குப் பழனிவேல் ஏட்டு போன். ஆற்றில் ஆள் தெரியாத உடல் ஒதுங்கினால் படம் எடுக்க ஸ்டேஷனிலிருந்து என்னைத்தான் கூப்பிடுவார்கள். பத்து வருடப் பழக்கம்.

"மூர்த்தி, திருவளர்ச்சோலைக்கு வர முடியுமா? பொம்பளை. நாணல்ல சிக்கியிருக்கு."

போனேன். எடுத்தவை: முழு உடல், முகம், இரண்டு பக்கவாட்டு, கைகள், கால்கள், துணி. நகை இல்லை. முகம் என்று எடுத்தேனே தவிர, முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆடு மேய்க்கிறவர் ஒருவர் கரையில் நின்றுகொண்டு, "மொதல்ல எதையாவது போட்டு மூடுங்கய்யா" என்று திட்டிக்கொண்டே இருந்தார். மூடிய பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

இந்தக் கேமராவில் கண்ணை வைத்துப் பார்ப்பதும் ஒரு சின்னத் திரைதான். எதிரில் இருப்பது எடுப்பதற்கு முன்பே படமாகிவிட்டது போலத் தெரியும். இன்றைக்கு அது உதவியாக இருந்தது.

மதியம் கம்ப்யூட்டர். தழும்பு ஏதாவது தெரிகிறதா என்று கைப்படத்தைப் பெரிதாக்கினேன். சேற்றில் புடவை என்ன நிறம் என்றே தெரியவில்லை. ரவிக்கைக் கையில் கறுப்பு நூல்.

பக்கத்தில் செவ்வாய்க்கிழமைப் படத்தை வைத்தேன். அதே தையல். கீழிருந்து மூன்றாவது கோணலாகப் போகிறது. இரண்டிலும்.

கடையைப் பூட்டிவிட்டு வந்து படுத்தேன். சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தெருவெல்லாம் பிள்ளைகள், சட்டையில் கொடி. ஜெயா கொடியேற்றம் முடிந்து மிட்டாயோடு வந்தாள். அப்போதுதான் அவளிடம் சொன்னேன்.

"ஸ்டேஷன்ல படத்தைக் குடுத்தா எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டுருவாங்க. அடையாளம் தெரியாத சடலம்னு கீழ எழுதி. அந்தம்மா அதுக்கா அழிக்காதீங்கன்னு சொன்னாங்க?"

"குடுக்கலைன்னா யாரோ எவரோன்னு பொதச்சிருவாங்க. அது தேவலையாங்க?" என்றாள். எனக்கு முன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

ஸ்டேஷனில் ஏட்டு என் வாக்குமூலம் எழுதினார். எத்தனை மணி? கேமராவிலேயே பதிவாகியிருக்கிறது: 6.52. அந்த அம்மா என்ன பேசினார்? சொன்னேன்.

"அழுதாங்களா? கலங்கின மாதிரி இருந்துச்சா?"

"தெரியலைங்க."

"பக்கத்துல நின்னு பேசியிருக்கீங்க. தெரியலைங்கிறீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு எங்கள் இருவருக்கும் டீ சொன்னார். நான் என்ன செய்ய? அந்த அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

தில்லைநகரில் முதல் பிறந்தநாள். கேக்கைக் கண்டதும் குழந்தை வீறிட்டது, கடைசிவரை நிறுத்தவில்லை. சிரித்தது இரண்டே படம்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது குழந்தையின் சித்தப்பா போனை நீட்டினார். "இதைப் பாத்தீங்களா சார்? செத்துப்போன அம்மாவாம். என்னா போட்டோ, சினிமா ஸ்டில் மாதிரி!"

கீழே வரிசையாகக் கும்பிடு கைகள். 'ஆழ்ந்த இரங்கல்.' 'எந்த கேமரா, செம கிளாரிட்டி.' வலது மூலையில் என் கடைப் பெயர். வெளியே அனுப்புகிற எல்லாப் படத்திலும் அது தானாக விழும். ஏட்டுக்கு அனுப்பும்போது எடுத்துவிட வேண்டும் என்று தோன்றவில்லை. இப்போது எத்தனை ஊருக்குப் போயிருக்குமோ, என் விளம்பரத்தோடு.

ரசத்தோடு எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. மேகம் மட்டும், மழை இல்லை.

செவ்வாய்க்கிழமை எடுத்த நாற்பதையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏன் என்று ஜெயா கேட்டாள். சும்மா என்றேன்.

முப்பத்தெட்டாவது. நேரம் 7.11. நான் எடுத்தது படியில் சுருண்டு படுத்திருந்த ஒரு நாயை. அதற்குப் பின்னால், தூரத்தில், கரையோரப் பாதையில் பச்சைப் புடவை. முதுகு தெரிகிறது. படித்துறையை விட்டுக் கிழக்கே, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமாகப் போகிறார். வெறுங்கால். கையில் ஒன்றும் இல்லை. நடையில் அவசரமும் இல்லை, பக்கத்துக் கடைக்குப் போகிறவர் மாதிரி.

நாயின் மீசை முடி ஒவ்வொன்றும் துல்லியம். அவர் கொஞ்சம் கலங்கல்.

நாளைக்கு ஏட்டிடம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆள் தெரிந்துவிட்டது. தனலட்சுமி, வயது 48. துறையூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். கணவர் இறந்து பல வருடம், பிள்ளையில்லை, அண்ணன் வீட்டில் இருந்திருக்கிறார். படத்தைப் பார்த்து ஊர்க்காரர் யாரோ சொல்லி அந்த அண்ணன் வந்திருந்தார். நான் போனபோது ஸ்டேஷன் பெஞ்சில் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"கோயிலுக்குப் போறேன்னுதாங்க போனா. படியில வழுக்கி உழுந்திருப்பா. கல்யாணத்துக்குப் பொண்ணுங்க இருக்கிற வீடுங்க. வேற எதுவும் எழுதிராதீங்க."

"ஆறு நாளா ஏன்யா ஒரு கம்ப்ளெயின்ட் குடுக்கல?" என்றார் ஏட்டு.

"சின்னவ வீட்டுக்குப் போயிருப்பான்னு இருந்துட்டோம். தொட்டியத்துல."

"போன் போட்டுக் கேட்டீங்களா?"

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டார். ஏட்டு என் பக்கம் திரும்பினார். "வேற படம் எதாவது இருக்கா மூர்த்தி?"

"இல்லைங்க."

வாயில் வந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண்களை நினைத்து அப்படிச் சொன்னேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பொய். அந்தப் படத்தைக் கொடுத்தால், எதிரிலேயே ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள், இவன் நாயை எடுத்துக்கொண்டிருந்தான் என்று ஆகும். அதுதான் காரணம்.

சாயங்காலம் உடலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கழுத்து வலி. கடை திறக்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

பதினொரு மணிக்கு ஒரு அம்மா. கடைப் பெயரை அண்ணாந்து பார்த்துவிட்டு, கையிலிருந்த போனையும் பார்த்தார். "இந்தப் படம் எடுத்தது நீங்களாங்க?"

தங்கை. வசந்தா. மூலையில் இருந்த பெயரை வைத்து விசாரித்துக்கொண்டு தொட்டியத்திலிருந்து வந்திருக்கிறார். அக்கா படம் பெரிதாக ஒன்று வேண்டும் என்றார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. கம்ப்யூட்டரில் அந்த முகத்தைக் காட்டினேன். திரைக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்திக்கொண்டார்.

"இதுக்கப்புறம் எடுத்தது எதாவது இருக்காங்க?"

ஏட்டு கேட்ட அதே கேள்வி. இந்த முறை முடியவில்லை. காட்டினேன்.

"அக்காதான்" என்றார். அப்புறம்தான் உட்கார்ந்தார். "வழுக்கி உழுந்தான்னு அண்ணன் சொல்லுது. படி இங்க இருக்கு. இவ எங்கயோ போறாளே."

"இதை நான் ஸ்டேஷன்ல குடுத்திருக்கணும். குடுக்கலைங்க. இல்லைன்னு சொல்லிட்டேன்."

முந்தானையைச் சுருட்டிப் பிரித்துக்கொண்டே பேசினார்.

"போன மாசம் போன் பண்ணா. கொஞ்ச நாள் உங்கூட வந்து இருக்கட்டுமாடின்னு கேட்டா. காத்துல வாழையெல்லாம் சாஞ்சு கெடக்கு, இவரு எரிஞ்சு எரிஞ்சு விழறாரு, இப்ப வராதக்கா, தை பொறக்கட்டும்னேன். சரிடின்னா. ஒரு வார்த்தை கோவமாச் சொல்லலீங்க. சரிடின்னு வெச்சிட்டா."

பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"குடுத்துருங்க" என்றார். "அண்ணன் கத்தும். கத்தட்டும். வழுக்கி உழுந்தான்னு நானும் சொல்லிட்டுத் திரிஞ்சா அவளுக்குன்னு யாருதான் இருக்கா?"

இருவருமாக ஸ்டேஷன் போனோம். ஏட்டு படத்தைப் பார்த்தார், நேரத்தைக் குறித்துக்கொண்டார், என் வாக்குமூலத்தை மறுபடி முதலிலிருந்து எழுதினார். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். "பத்து வருஷமா நம்பித்தானே உங்களைக் கூப்பிட்டேன்?"

தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

கொள்ளிடத்தில் ஒரு உடல் என்று பேப்பரில் பார்த்தேன். எனக்குப் போன் வரவில்லை. வேறு யாரையோ கூப்பிட்டிருக்கிறார்கள். நிம்மதியா, அவமானமா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உறையூர்க் கல்யாணம் மூன்று நாளில். பெரிய லென்ஸைத் துடைத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நேற்றுக் கல்யாணம் நல்லபடி முடிந்தது. மாப்பிள்ளை சிரித்தான், பெண் சிரிக்கவில்லை. நான் கேமராவை இறக்கிவிட்டு, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லண்ணா, பசிக்குது" என்றாள். இரண்டு இட்லி வரவழைத்துக் கொடுத்தேன். அவள் அப்பா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். முகூர்த்தத்துக்கு நேரமாகிறதாம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

தனலட்சுமிக்கு, உடலை எடுத்த நாளிலிருந்து, பதினாறாம் நாள். வசந்தா வரச் சொல்லியிருந்தார். சட்டம் போட்ட படத்தை முதுகில் கட்டிக்கொண்டு பைக்கில் துறையூர் தாண்டிப் போனேன். வழியெல்லாம் வெயில்.

பந்தல் போட்டு இருபது பேர் இருந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவர் மனைவி படத்தை வாங்கினார். கூடத்துச் சுவரில் காலண்டர், டிவி, பிள்ளைகள் பட்டம் வாங்கிய படம். சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, "ஆணி இல்லையே" என்றார். உள்ளே கொண்டுபோய் அரிசி டிரம் மேல் சுவரில் சாய்த்து வைத்தார். அது சரிந்தது. மறுபடி வைத்தார்.

சாப்பாடு முடிந்ததும் வசந்தா நேராக உள்ளே போனார். படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நான் எடுத்துட்டுப் போறேன் அண்ணி." யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரை பைக்கில் கொண்டுவந்து விட்டேன். படத்தை மடியில் நிறுத்திப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று கேட்டார்.

"உங்ககிட்ட பேசினாள்ல. குரல் எப்படிங்க இருந்துச்சு?"

யோசித்தேன். பேசிய வார்த்தை ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. குரல் இல்லை. எவ்வளவு முயன்றும் இல்லை.

"கம்மிப் போயிருந்துச்சா? ஆடிக் காத்துன்னாலே அவளுக்குத் தொண்டை கட்டிக்கும்."

முசிறி பஸ் உள்ளே திரும்பியது. அவர் எழுந்து நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க. லேசாக் கம்மியிருந்துச்சு" என்றேன்.

"அதானே" என்று தலையை ஆட்டிக்கொண்டே ஏறினார்.