காலி டின்களைத் திருப்பி அனுப்பவும்

10-6-1974, திங்கள்

மாவு வண்டி கிளம்பிவிட்டது. கம்பம்மெட்டுக்கு முதல் லோடு! பன்னிரண்டு டின்னில் ராகியும் நிலக்கடலையும் வறுத்து அரைத்த மாவு. மேட்டுச்சோலை ஏலத்தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில் அறுபது பிள்ளைகளுக்கு இனி தினமும் மத்தியானம் ஓர் உருண்டை. எங்கள் ஊர் எருத்தேன்பதியின் காடுகழனியில் விளைந்ததை அரைத்து அனுப்புவது எங்கள் நல்லம்மாள் அறக்கட்டளை. இடமும் விறகும் தோட்டத்து மானேஜர். வெல்லம் சேர்த்து உருட்டிக் கொடுப்பது அங்குள்ள சர்ச் மாதர் சங்கம். இந்த மூன்று தரப்பையும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட வைக்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அதற்குள் நாலு கல்யாணம் பேசி முடித்திருக்கலாம். "அதுல ஒண்ணு உன்றதா இருந்திருக்கலாம்" என்கிறாள் அம்மா.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுத் திட்டச் செயலாளராக வந்தபின் நான் பிடித்த முதல் கூட்டு இது. யாரோடு சேர்ந்து எதைச் செய்யலாம் என்று யோசிப்பதுதான் என் உத்தியோகம் என்றால் ஊரில் யாருக்கும் புரிவதில்லை. எனக்கே சில நாள் புரிவதில்லை.

டின், சென்னிமலை அண்ணனின் யோசனை. அவர் அறங்காவலர், தலைவர் ஆறுச்சாமி ஐயாவின் மைத்துனர். மலை ஈரத்தைச் சாக்கு தாங்காது என்று கோயமுத்தூரில் சொல்லி இருபத்து நாலு டின் செய்து வாங்கினார். ஒவ்வொரு மூடியிலும் தலைவரின் அம்மா பெயர் எழும்பி நிற்கிறது. நேற்று அவர் ஒவ்வொன்றையும் துண்டால் துடைத்து வண்டியில் ஏற்றிய அழகைப் பார்க்க வேண்டுமே. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற மாதிரி!

12-6-1974, புதன்

டிரைவர் குப்பண்ணன் வந்துவிட்டார். கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் ஊரில் கிளம்பி, பொள்ளாச்சி, பழனி, கம்பம் என்று தமிழ்நாட்டில் பகல் முழுக்க ஓடி, மறுபடி கேரளத்துக்குள் ஏறவேண்டிய வழி. "மூணு செக்போஸ்ட்லயும் மாவத் தின்னு பாத்தாங்க டீச்சர். நல்லாருக்குதுன்னுதான் உட்டாங்க."

17-7-1974

இரண்டாவது லோடு மீதிப் பன்னிரண்டு டின்னில் போயிற்று. பழைய டின்களை எடுத்துவரச் சொல்லியிருந்தேன். வரவில்லை. அடுத்த தடவை தருகிறோம் என்றார்களாம்.

21-8-1974

அடுத்த தடவையும் தரவில்லை. கையில் டின் இல்லாததால் மாத ஆரம்பத்தில் மூன்றாவது லோடைச் சாக்கில்தான் அனுப்பியிருந்தேன். பத்தே நாளில் பாதி மாவு பூசணம் பிடித்துக் கொட்டியதாக மானேஜரிடமிருந்து கடிதம். அறுபது பிள்ளைகள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு டின்னைத் திருப்பித் தர அப்படி என்ன கஷ்டம் அந்தப் பொம்பளைகளுக்கு?

2-9-1974, திங்கள்

கூட்டம். சென்னிமலை அண்ணன் மேஜையைத் தட்டினார். "அம்மிணி, நம்ம டின்னுல அங்க சாராய ஊறல் போட்டிருப்பாங்க. எழுதி வெச்சுக்கங்க."

எழுதி வைத்துவிட்டேன், இங்கே.

கோபத்தோடு காப்பகத்து ஆயா மதலேனம்மாளுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். அவள்தான் மாதர் சங்கத்துத் தலைவியும். "தங்கள் வசமுள்ள காலி டின்களை இக்கடிதம் கண்டவுடன் திருப்பி அனுப்பவும்." கீழே முத்திரையும் குத்தினேன். முத்திரை குத்தும்போது ஒரு சுகம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

20-9-1974

பதில் வந்தது. கோணல் எழுத்தில் ஒரே வரி. "தை பிறந்ததும் அனுப்புறோம் அம்மா, பொறுத்துக்கொள்ளவும்."

தையா? டின் என்ன கரும்பா, தையில் வெட்டுவதற்கு?

7-10-1974, திங்கள்

இன்று தலைவரே வாய் திறந்தார். பாவம், அவருக்குச் சொல்லவே கூச்சம். "அம்மிணி, தை மாசக் கூட்டத்துக்குள்ள டின்னு வரோணும். வராட்டி மாவ நிறுத்திப் போடலாமுங்க. ஊர் முகப்புல அம்மா பேர்ல ஒரு வளைவு கட்டலாம்னு மச்சான் சொல்றாப்ல. ரோட்டுல போறவங்களும் பாப்பாங்கல்ல?"

வளைவு! அதைப் பிட்டுத் தின்ன முடியுமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அந்த வாயை மூடிக்கொண்டேன். நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டியதுதான்.

24-10-1974, வியாழன், கம்பம்மெட்டு

மழை, குளிர். தோட்டத்து விருந்தினர் அறையில் கம்பளிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சண்டை போடுவதற்கான வாக்கியங்களை வத்தலக்குண்டு தாண்டியதிலிருந்தே தயார் செய்துகொண்டு வந்தேன். காப்பகத்துக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. எதிர்ச் சுவர் ஓரம் பலகை போட்டு இருபத்து நாலு டின்னும் வரிசையாக இருந்தன. சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று. எல்லா மூடியிலும் நல்லம்மாள் பெயர் வெளியே பார்த்தபடி. உள்ளே ஒன்றுமில்லை.

"சும்மாதானே இருக்கு, ஏன் தரவில்லை?" என்று கேட்டேன். மதலேனம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். சேலையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"வெறும் டின்ன எப்படிம்மா திருப்பிக் குடுக்கது? பக்கத்து வீட்டுல ஒரு கிண்ணம் கொழம்பு வாங்குனாலே வெறுங்கிண்ணமாக் குடுக்க மாட்டோம். நீங்க பிள்ளையளுக்குச் சோறு அனுப்புதிய."

 அவளே தொடர்ந்தாள். "ஏலக்கா போடலாம்னா அது தோட்டத்துது. ஒரு காய் எடுத்தாலும் திருட்டு. கடையில வாங்கிப் போட்டா கடைக்காரன் குடுத்த மாதிரி ஆயிரும். ஒரு கைப்பிடி போதும்மா, ஆனா அது எங்களுதா இருக்கணும்லா?"

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குப் பின்னால் கூட்டிப்போனாள். வீட்டுக்கு ரெண்டு முழ இடம். வேலி நெடுக மொச்சைக்கொடி. என் முதல் டின் வந்த கையோடு, ஆனியிலேயே மானேஜரிடம் கேட்டு விதைத்திருக்கிறார்கள். இப்போதுதான் அரும்பு கட்டியிருக்கிறது.

"தையிலதாம்மா காய் முத்தும். அங்க போயிச் சொல்லிப்புடாதிய. முன்னாடியே சொல்லிட்டா அனுப்புததுல என்ன இருக்கு?"

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

26-10-1974, சனி

வீடு. நான் ஒரு மடச்சி. எங்கள் அம்மா பக்கத்து வீட்டுக்கு ஏனத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வீட்டில் ஒன்றுமில்லை என்றால் நாலு கறிவேப்பிலையாவது போட்டுத்தான் கொடுப்பாள். அவள் பெற்ற பெண், பி.ஏ. படித்தவள், 'காலி டின்' என்று எழுதி முத்திரை வேறு குத்தியிருக்கிறேன்.

சரி. அடுத்த லோடு எதில் போகும்? தைக்கு இன்னும் மூன்று மாதம். வெளியே சொல்லவும் முடியாது.

28-10-1974, திங்கள்

முறுக்கு டின்! அம்மாவிடம் கேட்டுத்தான் எடுத்தேன். (கேட்டது எடுத்த பிறகு.) அப்புறம் வீடு வீடாகப் போனேன். மருதாத்தாள் எண்ணெய் டின் கொடுத்தாள். சரஸ்வதியம்மாள் பித்தளைத் தூக்கையே தந்துவிட்டு, மேலே நாலு அச்சு வெல்லமும் வைத்தாள், "கொழந்தைகளுக்கு வெறும் மாவு எறங்குமா?" என்று. சென்னிமலை அண்ணன் வீட்டுக்கு அவர் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். அவர் மனைவி ராமாத்தாள் பலகார டின்னைக் கவிழ்த்துத் தட்டிக் கொடுத்தாள். "அவருகிட்டக் கேக்க வேண்டாமுங்களா?" என்றேன். "பலகாரம் இருந்தாத்தான அவரு டின்னத் தேடுவாரு" என்றாள்.

ஆளுக்கொரு வடிவத்தில் பதினாறு பாத்திரம். குப்பண்ணன் கேட்டார், "ஏனுங் டீச்சர், மாவு வண்டியா, பாத்திரக் கடையா?"

13-11-1974

தீபாவளி. ஊரில் பாதி வீட்டில் முறுக்குப் போட்டுவைக்க டின் இல்லை. திட்டு முழுக்க எனக்கு.

18-1-1975, சனி

வந்துவிட்டன. இருபத்து நாலும். ஒரு டின்னைத் தூக்கிப் பார்த்தேன், உள்ளே கலகலவென்று சத்தம். திறக்கவில்லை. திறக்கவேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

20-1-1975, திங்கள்

கூட்டம். டின்களை மேஜையில் அடுக்கிவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் நான் செய்த மிகக் கடினமான காரியம் அது.

சென்னிமலை அண்ணன்தான் முதல் மூடியைத் திறந்தார், மோந்து பார்ப்பதற்காக. உள்ளே கையை விட்டார். கை நிறைய மொச்சை. அடுத்த டின்னில் மொச்சை. அதற்கடுத்ததிலும். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன்: வேலி, இரண்டு முழ இடம், தை வரை காத்திருந்தது.

 தலைவர் ஒரு மூடியை எடுத்து அம்மாவின் பெயரைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மைத்துனரிடம் கேட்டார். "ஏனப்பா, எங்கம்மா உசுரோட இருந்திருந்தா இந்த டின்ன வெறுமனே மலைக்குத் திருப்பி அனுப்புவாளா?"

"அனுப்ப மாட்டாங்க" என்றார் சென்னிமலை அண்ணன். கையிலிருந்த மொச்சையை டின்னில் போட்டு மூடிவிட்டு, "வளைவு கெடக்குது உடுங்க மாமா" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சந்தோஷத்தில் அழுவதைச் சென்னிமலை அண்ணன் பார்த்தால் வருடம் முழுக்கக் கிண்டல் செய்வார்.

12-2-1975, புதன்

இன்று வீட்டுப் பாத்திரங்கள் திரும்பின. எல்லாவற்றிலும் மொச்சை, சரஸ்வதியம்மாளின் தூக்கில் காந்தாரி மிளகாய் வற்றலும். மத்தியானத்துக்குள் தெருவே மொச்சைக் குழம்பு மணந்தது. சாயந்திரம் சென்னிமலை அண்ணன் பலகார டின்னைத் தலையில் சுமந்துகொண்டு வந்து வண்டியில் வைத்தார், நிறைய எள்ளுருண்டையோடு. "ஊட்டுல சொல்லிப் போட்டா. வெறும் டின்னு மலைக்குப் போகக்கூடாதாமா" என்றார் என்னைப் பார்க்காமல். அவருக்குப் பின்னால் மருதாத்தாள், அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். இனி இந்த மாவை எந்தக் கூட்டம் தீர்மானம் போட்டு நிறுத்தும்?

அம்மாவின் முறுக்கு டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தேன். மொச்சைக்கு மேல் ஈரம் இறங்காமல் ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தது. பிரித்தால் என் முத்திரை. செப்டம்பரில் நான் எழுதிய கடிதமேதான். அதன் அடியில் அந்தக் கோணல் எழுத்து:

"காலி டின் அனுப்பச் சொல்லி எழுதியிருந்தீர்கள். எங்களால் முடியவில்லை. மன்னிக்கவும்."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு மொச்சையை முறத்தில் கொட்டினாள். டின்னைத் துடைத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"செரி, இதுல நீ என்ன போடப் போற?"