ஏழு ஓடும் ஒரு சைபரும்

நவம்பர் 18, திங்கள்

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு; பத்தாவதிலேயே வாந்தி. அப்புறம் நாகலூர் எஸ்டேட்டுக்குக் கீழே ஓடையில் முழங்கால் வரை நின்று, நான் வைத்த மண் ஓடுகளை எடுத்துப் பார்த்தேன். ஆராய்ச்சியாம்! காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும் பாசி, ஓட்டில் எவ்வளவு வளர்கிறது என்று பார்க்க வேண்டும். மேலே காட்டுக்குள் ஏழு ஓடு, இங்கே ஏழு ஓடு, வரிசையாக நட்டு வைத்திருக்கிறேன். மேலே பாசி நன்றாக உழைக்கிறது. இங்கே சைபர். எஸ்டேட் உரம் தண்ணீரில் கலந்து வருகிறது போல. சும்மா சோறு கிடைத்தால் எதற்கு உழைப்பது? எங்கள் துறையில் பாதிப் பேர் அப்படித்தான்.

நவம்பர் 21

கைடு தேவசிகாமணி சாருக்குத் தலைகால் புரியவில்லை. "சைபர்னா இதும்மா சைபர்!" கட்டுரை உடனே ஜர்னலுக்குப் போய்விட்டது. முதல் பெயர் அவருடையது. ஓடையில் நின்றது அவர்தானே!

டிசம்பர் 2

ஓடுகளில் மெல்லிய மஞ்சள் படலம். டயட்டம், அதாவது வேறொரு வகைப் பாசி, என்று குறித்துக்கொண்டேன். சசிகலா, நீ மேதை.

டிசம்பர் 6, வெள்ளி

நான் வழக்கமாக ஓடைக்குப் போகும் திங்கட்கிழமையில் சார் மீட்டிங் வைத்திருக்கிறார். அதனால் இன்றே போனேன்.

ஓடையில் ஓர் அம்மா குந்தி உட்கார்ந்து, தேங்காய் நாரால் என் ஓடுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐயோ!

"என்னங்கம்மா பண்றீங்க?"

"கன்னிமாருக்குத் தண்ணி ஊத்தறேன் கண்ணு. ஏழு பேரும் வந்து நிக்கறாங்க, நொம்ப பாசி புடிச்சுக் கெடந்தாங்க. வெள்ளிக்கு வெள்ளி தேச்சு மஞ்சப் பூசிட்டுப் போறேன்."

பெயர் மருதாயி. எஸ்டேட்டில் வேலை.

ஓடைக்கரை. வரிசையாக ஏழு கல் நின்றால் அது ஏழு கன்னிமார். எங்கள் குலதெய்வமே கன்னிமார்தான் — எனக்கு உறைக்கவில்லையே! என்னை எதால அடிக்கிறது?

டயட்டமாம், டயட்டம். மஞ்சள்டீ அது!

டிசம்பர் 7

யாருக்குத் தெரியும்? பிப்ரவரியில் ஆய்வுக் கெடு முடிகிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் டாக்டர் சசிகலா. மூடிக்கயேன்?

டிசம்பர் 9

மீட்டிங்கில் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். முடிந்ததும் ஓடைக்கு ஓடினேன். ஐந்து புது ஓடுகளைக் கோணல்மாணலாக வைத்தேன். மருதாயியிடம் கெஞ்சினேன், இதையெல்லாம் தேய்க்காதீங்க என்று.

"அஞ்சு பேருக்கு நான் ஏன் சாமி தேய்க்கறேன்?" சிரித்தார்.

ஜனவரி 6

சைபர் இல்லை. மேலே உள்ளதில் முக்கால் பங்கு. பாசி ஒழுங்காகத்தான் உழைத்திருக்கிறது பாவம். நான்தான் பழி போட்டிருக்கிறேன்.

சாரிடம் சொன்னேன்.

"அச்சுக்குப் போகப் போகுதும்மா. அந்தம்மா சாமி கும்பிட்டது ஜர்னலுக்கு எதுக்கு?"

"தப்புங்க சார்."

"அப்ப கெடு எக்ஸ்டென்ஷனுக்கு என் கையெழுத்தை எதிர்பார்க்காதே."

நல்ல மனுஷன். நேராகச் சொல்லிவிட்டார்.

ஜனவரி 8

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி நானே ஜர்னலுக்கு எழுதிவிட்டேன். அழுதேன். பிறகு இரண்டு தோசை சாப்பிட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

கெடு முடிந்தது. டாக்டர் இல்லை, வெறும் சசிகலா.

துறையின் ஸ்டோர்ஸில் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். காலையிலேயே போய் மேலே இருந்த ஓடுகளையும் அந்த ஐந்தையும் எடுத்தேன். அந்த ஏழின் மேலும் புதுச் செவ்வந்தி. கை போகவில்லை.

படிவத்தில், 'குறையும் ஓடுகள்: ஏழு. காரணம்?' என்று ஒரு கட்டம்.

'உடைந்துவிட்டன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆறு வருட ஆராய்ச்சியில் தெரிந்தே நான் எழுதிய பொய் அது ஒன்றுதான்.