நாரைகள் எழும்பும் இடம்

என் சின்னண்ணாவுக்கு,

அன்று கொக்கிளாய்க் கரையில் நான் உங்களிடம் சொல்லாதது இதுதான்: அந்த மௌனத்தைக் குறைக்க வேண்டாம்.

நீங்கள் கண்ட கனவை இசையாக்கி, முதல்முறை எங்களுக்கு வாசித்துக் காட்டிய நாள் அது. கனவில் களப்புத் தண்ணீர் நிறைய நின்ற நாரைகள் சத்தமில்லாமல் எழும்பினவாம். அவை மறைந்த பிறகுதான் சிறகோசை வந்ததாம். அதனால் உங்கள் வயலின் உச்சத்தில் நின்றுவிடும். நெடுநேரம் ஒன்றுமிராது. பிறகு மிருதங்கத்தில் அந்தச் சிறகுகள்.

உங்கள் மிருதங்கக்காரர் தவம் அண்ணை சிரித்தார். "டேய், சனம் முடிஞ்சுதெண்டு செருப்புத் தேடப் போகுது."

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "நீ சொல்லு பிள்ளை, கூடிப்போச்சோ?"

"தெரியேல்லை அண்ணா" என்றேன். புத்தகங்களில் பிடித்த வரிக்குக் கோடிடத் தெரிந்தவளுக்கு அன்று வாய் வரவில்லை.

அந்த மாரிக்காலத்தில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. அந்த இடத்தைக் குறைக்கத்தான் நினைத்திருந்தீர்களா? யாரிடம் கேட்பது?

வருஷம் நிறைந்து வந்த உங்கள் ஆட்டைத் திவசத்துக்கு, மல்லாவிக் கோயில் மண்டபத்தில் அந்த இசையை வாசிப்பதென்று முடிவாயிற்று. பரந்தனிலிருந்து உங்கள் சிநேகிதி யசோ அக்கா வயலினோடு வந்தா. ஒத்திகையில் அவா நிறுத்திய கணமே தவம் அண்ணையின் கை மிருதங்கத்தில் இறங்கிவிட்டது. திரும்ப வாசித்தபோதும் அப்படியே.

"வயலின் விட்ட இடத்தை நிரப்பிறதுதானே தங்கச்சி எங்கட மரியாதை" என்றார். "சும்மா இருந்தா அவனைக் கைவிட்ட மாதிரிக் கிடக்கு."

அவருக்கு நான் என்ன பாடம் எடுப்பது? ஆனாலும் இந்த முறை சொன்னேன்.

"அண்ணை, அந்த நேரம் பறவையள் மேலை போய்க்கொண்டிருக்குது. நிரப்பாதேங்கோ."

அவர் மிருதங்கத்தை உறைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இனி எங்கே, யார் இதை வாசித்தாலும் அந்த இடத்துக்கு நான் காவல் அண்ணா. சங்கீதம் தெரியாதவள் என்று யார் சொன்னாலும் பரவாயில்லை. அது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

திவசத்தன்று மாலை யசோ அக்கா வயலினை உச்சத்தில் நிறுத்தினா. தவம் அண்ணை இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டார். பின்வரிசையில் ஒருவர் எழும்பி வாசல் பக்கம் பார்த்தார். சற்று நின்றார். பிறகு மெல்லத் தன் இடத்தில் இருந்துவிட்டார். அதன் பிறகே சிறகோசை வந்தது.

நீங்கள் 'பிள்ளை' என்று கூப்பிட்ட தங்கச்சி