பதினொரு பெயர்களின் பக்கத்தில்

என் அன்பின் தவமணி அக்கா,

இன்று காலை எழுந்ததும், தேத்தண்ணிகூட வைக்காமல், உங்கள் புள்ளிப் புத்தகத்தைத்தான் எடுத்தேன். பதினொரு பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் நீங்கள் பென்சிலால் எழுதியிருந்த ‘க’வை ஒவ்வொன்றாக அழித்தேன். எழுத்துப் போய்விட்டது. தாளைச் சாய்த்துப் பிடித்தால் அழுத்திய தடம் இன்னும் தெரிகிறது.

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. உங்கள் பத்தாம் ஆண்டுக் கணித வகுப்பை என்னிடம் தந்தார்கள், இந்தப் புத்தகத்தையும் சேர்த்து. திருகோணமலையிலிருந்து மூதூருக்கு அதே காலை பஸ்தான். உங்கள் இடத்தில் என் பையை வைக்கிறேன். யாராவது கேட்டால் எடுத்துவிடுவேன். கிண்ணியாப் பாலம் வரும்வரை பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

அந்தக் குறியும் அந்த பஸ்ஸில்தான் தொடங்கியது, நினைவிருக்கிறதா? “இதுகளின்ர மண்டைக்குள்ள முழுக்கக் களிமண், அக்கா. பேசாமல் ‘க’ எண்டு போட்டு வையுங்கோ” என்றேன்.

“சும்மா இரு பிள்ளை. ஆரின்ரையும் கண்ணில பட்டால்?” என்றீர்கள். பிறகு இருவரும் சிரித்தோம். அன்றைக்கே போட்டீர்கள்.

போன கிழமை கண்ணில் பட்டுவிட்டது. புத்தகத்தை மேசையில் திறந்தபடி விட்டது என் பிழை. சுகந்தி தன் பெயரைப் பார்த்தாள், மற்றப் பத்துப் பெயர்களையும் பார்த்தாள். “களிமண்ணுக்குத்தானே ரீச்சர் ‘க’?” என்றாள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் திட்டு அது ஒன்றுதானே. வகுப்பே சிரித்தது. அடுத்த நாளிலிருந்து அவள் வரவில்லை.

நேற்று, அவளுடைய தாய் வேலை செய்கிற செங்கல் சூளைக்குப் போனேன். சுகந்தி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்காலளவு களிமண்ணை மிதித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்கோ ரீச்சர். களிமண்ணைத் தேடிக் களிமண்ணுக்குள்ளயே வந்திட்டீங்கள்.” அவள் சிரிக்கவில்லை.

களிமண்ணுக்கு மணல் எவ்வளவு சேர்ப்பாய் என்று கேட்டேன்.

“மூண்டு கூடைக்கு ஒண்டு. ஆத்தங்கரைக் களியெண்டால் ரெண்டுக்கு ஒண்டு, அது சரியான பசை. மணல் காணாட்டிக் கல்லுக் காயேக்க வெடிச்சிடும்.”

விகிதக் கணக்கில் நீங்களும் நானும் இவளுக்குப் பூச்சியம் போட்டிருக்கிறோம், அக்கா.

தாய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார். “எங்களுக்குச் சோறு போடுறதே களிமண்தான், ரீச்சர். அந்தச் சொல்லில எனக்கொரு கோவமுமில்லை. தவமணி ரீச்சர் எழுதினவ எண்டதைத்தான் இவளால தாங்க ஏலாமக் கிடக்கு. அவவின்ர செத்தவீட்டுக்குத் தனிய பஸ் ஏறி வந்தவள் இவள்.”

சுகந்தி மிதிப்பதை நிறுத்தினாள். “அவவின்ர எழுத்துத்தானே ரீச்சர்?”

“ஓம்” என்றேன்.

பொய்யில்லை. எழுத்து உங்களுடையதுதான். அந்த ஒரு ஓமுக்குப் பின்னால் எவ்வளவு வசதியாக ஒளிந்துகொண்டேன்!

வீட்டுக்கு வந்து செருப்பை வாசலில் தட்டினேன். களி விழவில்லை. தண்ணீர் ஊற்றித் தேய்க்காமல் அப்படியே படியில் இருந்துவிட்டேன். துறைமுகப் பக்கமிருந்து ஏதோ கப்பல் ஊதியது. களைப்பாக இருக்கிறது அக்கா. பிள்ளைகளால் வந்த களைப்பு என்றுதான் இத்தனை வருடமும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் சரிதானா?

நான் செத்து, நீங்கள் இருந்திருந்தால், என் பெயரைச் சொல்லித் தப்பியிருப்பீர்களா? மாட்டீர்கள். அது எனக்குத் தெரிந்திருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நாளைக்கு முதல் பஸ்ஸில் போவேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இறங்காமல் சூளையடியில் இறங்குவேன். சொல் என்னுடையது, போடச் சொன்னதும் நான்தான் என்று சுகந்தியிடம் சொல்வேன். அவள் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும், பிறகு வகுப்பிலும் அதையே சொல்வேன். வீட்டில் இவருக்கும் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்தில் அதிபருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

உங்கள் நல்ல பெயரை அந்தப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வகுப்புக்குள் கால் வைப்பேன்.

உங்களோடு பிறக்காத தங்கச்சி,
வசந்தி