பாய் உறங்குமா?

அன்புத் தோழி,

என் பிள்ளை நனைத்த பன்பாயை முற்றத்து வெயிலில் விரித்திருக்கிறேன். ஈரப் பன்புல்லின் வாசம் எழுந்ததும் விடுதியில் நாம் பாய் போட்டுப் படித்த அறைக்குள் போய்விட்டேன்.

இங்கிலீஷ் இலக்கணத்தில் ஜெரண்ட் எது, பார்ட்டிசிப்பிள் எது என்று எனக்குப் பிடிபடவேயில்லை. இரண்டுக்கும் ஒரே 'இங்' வால். சீனியர் சோதனை நெருங்க நெருங்க, மிஸ் எத்தனை சொல்லியும் விளங்காமல் அழுதேன். நீ என் பாயைத் தட்டிக் கேட்டாய்: "ஸ்லீப்பிங் சைல்ட் எண்டா பிள்ளை ஒறங்குது. ஸ்லீப்பிங் மேட் எண்டா பாய் ஒறங்குமா புள்ள?"

ஒறங்காது என்றேன்.

"அப்ப அது ஒறங்கிறதுக்கான பாய். அதுதான் ஜெரண்ட். மற்றது பார்ட்டிசிப்பிள். இதுக்குப் போயா அழுதாய்?"

பிறகு சாப்பாட்டு மேசையிலும் விடவில்லை. வாக்கிங் ஸ்டிக் நடக்குமா, ரீடிங் கிளாஸ் படிக்குமா என்று குடைந்தாய். நான் தேறினேன்.

நீ பிள்ளை பெற்றுக் காய்ச்சலில் கிடந்தபோது நான் வயிற்றுப் பிள்ளையோடு இருந்தேன். பிள்ளைத்தாச்சி பேறு நடந்த துடக்கு வீட்டுக்கும் சாவீட்டுக்கும் போகக்கூடாது என்றார் மாமி. மறுத்துப் பேசப் படித்தவள்தான் நான், பேசவில்லை. மாமி தடுத்தது எனக்கு வசதியாகவே இருந்தது. என் வயிற்றுக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற பயம். உன்னைச் சுடலைக்குக் கொண்டுபோன பறைச்சத்தம் எங்கள் தெருவைக் கடக்கும்வரை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன்.

நேற்று உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். "காய்ச்சலுக்க அவள் ஒண்டையே கேட்டுக் கிடந்தாள் மகள். பாய் ஒறங்குமா, பாய் ஒறங்குமா எண்டு. நாங்க பாயை மாத்திப் போட்டும் பாத்தம். அதென்ன?"

சொன்னேன். அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பதில் தெரிந்த ஒருத்தி இரண்டு தெரு தள்ளி இருந்தாள் என்று அவர் சொல்லவில்லை. உன் மகளுக்கு வெள்ளிக்கிழமை சோறு தீத்துகிறார்களாம். முதற்சோறு தாய்மடியில் வைத்தல்லவா ஊட்டுவது? "அவளுக்கு மடி இல்ல. நீ வந்து இரு" என்றார்.

ஓம் என்றுவிட்டேன். அன்று மிதிக்காத வாசலை வெள்ளிக்கிழமை மிதிப்பேன். உன் பிள்ளையை மடியில் வைப்பேன். அதன் பிறகுதான் பயம். இன்னும் சில மாதத்தில் அவள் பேசப் பழகுவாள். என்னைப் பார்த்து 'அம்மா' என்று சொல்லிவிட்டால், திருத்தவா, விடவா? இப்படிப்பட்டதையெல்லாம் உன்னிடந்தான் நான் கேட்பது.