கைவிட்டவள் என்று எழுதச் சொன்னார்கள்

12 மார்ச் 1991
காலை முழுக்க மழை. வேலைக்குப் பத்து நிமிடம் பிந்தினேன். மிஷன் சங்கத்தின் ஆவண அறையில் இன்று புதிய பெட்டி: 1866இல் யாழ்ப்பாணத்தில் பெண்களை ஆசிரியைகளாகப் பயிற்றிய பள்ளிக்கூடத்துக் கடிதங்கள். தமிழில் இருப்பதை வாசித்து ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதவேண்டும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடம் ரீச்சராக இருந்தவளுக்கு லண்டனில் கிடைத்தது இது.

13 மார்ச்
அன்னம் என்றொரு பயிற்சி மாணவியின் கடிதங்கள். பதினேழு வயது. படிப்பித்துப் பழகப் பக்கத்துத் தீவிலுள்ள சிறு பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்கள். பெண்பிள்ளைகளுக்கு எழுத்து எதற்கு என்று தகப்பன்மார் வாசலில் நின்று ஏசுகிறார்களாம். கரும்பலகையில் எழுதினால் வரி கோணிப்போகிறதாம். எனக்கும் முதல் வருடம் அப்படித்தான் கோணியது.

14 மார்ச்
தீவில் கொலரா, வாந்திபேதி நோய். பயிற்சிப் பள்ளியின் தலைமை ஆசிரியையான வெள்ளைக்கார அம்மா, உடனே திரும்பி வா என்று எழுதியிருக்கிறார். அன்னத்தின் பதில்: "நாலு பிள்ளைகள் நோயோடு பள்ளியிலேயே கிடக்கிறார்கள். வீட்டார் எடுக்க வரவில்லை. நான் எப்படி வருவேன்?"
அதோடு அவள் கடிதம் முடிந்தது. பிறகு அந்த அம்மாவின் அறிக்கை: கட்டளையை மீறிப் பயிற்சியைக் கைவிட்டாள், பெயர் வெட்டப்பட்டது.
"அட்டவணையில் கைவிட்டவள் என்று போடுங்கள்," என்றார் என் மேலதிகாரி மிஸிஸ் கோல்மன்.

15 மார்ச்
போகவில்லை. காய்ச்சல் என்று போன் பண்ணினேன். காய்ச்சல் இல்லை.

17 மார்ச்
பக்கத்து வீட்டு டொலறஸிடம் சொல்லிவிட்டேன். நாலு வருடமாக ஒருவருக்கும் சொல்லாதது. 1987இல் பள்ளிக்குப் பக்கத்தில் செல் குண்டு விழுந்த அன்று எல்லாப் பிள்ளைகளையும் பெற்றோர் கூட்டிப் போய்விட்டார்கள், என் வகுப்புச் சிவகௌரியைத் தவிர. "ரீச்சர், போறீங்களோ?" என்றாள். "இப்ப வாறன்," என்று சொல்லிவிட்டு ஓடினேன். திரும்பவே இல்லை.
"தாய் வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பா," என்றாள் டொலறஸ்.
"தெரியாது. நான் கேக்கேல்லையே."

19 மார்ச்
வேலை முடிந்து வரும்போது டிஸ்ட்ரிக்ட் லைன் ரெயிலில் யாரோ "ரீச்சர்" என்றது போலிருந்தது. பெட்டியில் நான் மட்டும்தான்.

21 மார்ச்
கைவிட்டவள் என்று எழுத என்னால் ஏலாது என்று கோல்மனிடம் சொன்னேன். பெட்டியின் அடியில் தீவுத் தேவாலயத்தின் அடக்கப் பதிவு கிடந்தது. ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள், ஐந்து பெயர்கள். நாலு சிறுமிகள். ஐந்தாவது: அன்னம், உபாத்தியாயினி.
மொழிபெயர்த்துக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். "நீங்களே எழுதுங்கள்," என்றார்.
எழுதினேன்: பிள்ளைகளோடு இருந்து இறந்தாள்.
அவளுக்கு உண்மை எழுதப்பட நூற்றிருபத்தைந்து வருடம் பிந்தியது. எனக்கு?

6 ஏப்ரல்
ஊருக்குப் போகும் அருள்நேசன் அண்ணையிடம், சிவகௌரியின் தாய்க்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினேன். அரைப் பக்கம்தான். பிள்ளையை விட்டுவிட்டுப் போனது நான் என்று எழுதினேன். அவளுக்கு என்ன நடந்ததென்று கேட்டிருக்கிறேன். உறையின் பின்பக்கத்தில் என் முழுப்பெயரையும் லண்டன் பிளேஸ்டோ விலாசத்தையும் தெளிவாக எழுதினேன்.