பாறைக்குப் பின்னால் உள்ள இடம்

பிப்ரவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்டால் "வேலை தலைக்கு மேல" என்று பதில் வரும். அதனால் கேட்கவில்லை. போனில் பேசலாமே என்பாய். போனில் நீ பேசினால் எனக்கு வாய் திறக்க இடம் ஏது?

சீசன் இல்லாததால் கடற்கரைத் தெரு காற்று வாங்குகிறது. நான் என் தொப்பிக் கடைக்கு வெளிர்நீல வண்ணம் அடித்துவிட்டேன். முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மூன்றே மூன்று தொப்பிகள். பத்து வைத்தால் அது சந்தைக் கடையாம், மூன்று வைத்தால்தான் ஸ்டைலாம். பக்கத்து மெழுகுவர்த்திக் கடைக்காரி சொல்லிக்கொடுத்தாள். அவள் கடையில் ஒரே ஒரு மெழுகுவர்த்திதான் தெரியும். உள்ளே போனால் கால் வைக்க இடமில்லை.

மதியச் சாப்பாடு கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் இருக்கும் எட்டு நாற்காலிக் கடையில். காலையில் படகில் என்ன வந்ததோ அதைத்தான் சுட்டுப் போடுவாள் அந்தச் சமையற்காரம்மா. "இன்னைக்கு என்ன இருக்கு?" என்று கேட்டால், "கடலைப் போய்க் கேளு" என்பாள்.

உன் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து பேச்சுப் போனதிலிருந்து யார் முன்னாலும் வாயைத் திறக்கவே கூசுகிறார். சுற்றுலாப் படகில் மைக் பிடித்து நாள் முழுக்கப் பேசிய மனிதர்! ஒரு சொல்லைத் தொடங்கினாலே எதிரில் இருப்பவர் முந்திக்கொண்டு முடித்துவிடுகிறார். இப்போது ஒரு இடம் கண்டுபிடித்திருக்கிறார். கடல் உள்வாங்கும்போது பெரிய பாறையைச் சுற்றிப் போனால், ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மணல். அங்கே நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் ஊருக்குக் கேட்காது, அலை விழுங்கிவிடும். தினமும் அங்கே போய் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்க்கிறார். நான் தள்ளி உட்கார்ந்து முதுகைக் காட்டிக்கொண்டு தொப்பிக்கு நாடா தைப்பேன். நேற்று "படகு" என்று முழுசாகச் சொன்னார். நான் திரும்பவே இல்லை. ஊசி விரலில் குத்தியதுதான் மிச்சம்.

நாலு வருஷமாக வருகிறேன் வருகிறேன் என்கிறாய். எப்போது?

உன்
அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீதான் பத்திரிகையில் எழுதியிருக்க வேண்டும், நான் தொப்பி தைத்திருக்க வேண்டும். "கடலைப் போய்க் கேளு" படித்துவிட்டு அலுவலகத்திலேயே சிரித்தேன்.

அடுத்த மாதம் வர முடியாது, கோபிக்காதே. கோடைச் சிறப்பிதழின் சுற்றுலாப் பக்கங்கள் முழுக்க என் தலையில். "யாருக்கும் தெரியாத இடமா கொண்டா" என்று ஆசிரியர் குடைகிறார்.

சும்மா கேட்கிறேன், அந்தப் பாறைக்கு எந்தப் பக்கமாகப் போக வேண்டும்? தண்ணீர் எத்தனை மணிக்கு உள்வாங்கும்? சாப்பாட்டுக் கடைக்கு எந்தக் கிழமை விடுமுறை? எல்லாவற்றையும் விவரமாக எழுது. நீ எழுதினால் நேரில் பார்த்தது மாதிரியே இருக்கிறது.

அத்தானுக்கு என் அன்பு.

உன்
வாயாடி


ஜூன் 4

தங்கைக்கு,

நீ கேட்டதையெல்லாம் மார்ச்சில் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினேனே, எனக்குப் புத்தி இருந்ததா?

போன வாரம் ஒரு பெண் கடைக்குள் வந்தாள். கையில் உன் பத்திரிகை. "பத்து வச்சா சந்தை, மூணு வச்சா ஸ்டைல்னு போட்டிருக்கே, அந்தக் கடை இதுதானா?" என்றாள். வாங்கிப் படித்தேன். என் வரிகள். மெழுகுவர்த்திக் கடைக்காரியைக்கூட விடவில்லை. எல்லாம் உன் பெயரில்.

அதையாவது பொறுத்திருப்பேன். அந்த மணல் திட்டுக்குப் படம் போட்டு வழி காட்டியிருக்கிறாய். "மனம் விட்டுக் கத்த ஓர் இடம்" என்று தலைப்பு. கடல் உள்வாங்கும் நேரத்தைக்கூடப் போட்டிருக்கிறாய்! இப்போது தினமும் முப்பது நாற்பது பேர். வரிசையில் நின்று கத்துகிறார்கள்.

கூட்டம் வந்த முதல் நாள் உன் அத்தானுக்கு இது தெரியாது. வழக்கம்போலப் போனார். நான் தொப்பிப் பெட்டியை இறக்கிவிட்டுப் பின்னால் போவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. அவர் கடலைப் பார்த்துக்கொண்டு "ப... ப..." என்று திணறியிருக்கிறார். அவரும் விளையாட்டுக்குக் கத்த வந்தவர் என்று நினைத்து ஒருத்தி கைதட்டினாளாம். "இன்னும் சத்தமா, ஐயா!" என்றானாம் ஒருவன், போனில் படம் பிடித்தபடி. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு என்ன தெரியும்? உனக்குத் தெரியும்.

இன்றோடு ஒன்பது நாள். வாயைத் திறக்கவில்லை. கை ஜாடைகூட இல்லை.

சமையற்காரம்மா என்னைத் தெருவில் நிறுத்தி வைத்துக் கேட்டாள்: "எட்டு நாற்காலிக்கு எண்பது பேரு வந்தா நான் எங்க போவேன்? உன் தங்கச்சியை வரச் சொல்லு, வலையை எடுத்துக்கிட்டுக் கடலுக்குப் போகட்டும்."

என் தொப்பிகள் எல்லாம் விற்றுப்போய்விட்டன. வாழ்நாளில் முதல் முறை. அதற்குச் சந்தோஷப்படக்கூட முடியாமல் செய்துவிட்டாயே என்றுதான் இன்னும் எரிச்சலாக வருகிறது.

அக்கா


ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காலைக் காட்டு, விழுகிறேன்.

கட்டுரையில் அத்தானைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, பார்த்திருப்பாய். அதனால் தவறில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடம் வேறு, அத்தான் வேறு என்று நினைத்தேன்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். நாலு வருஷமாக நான் வராததற்கு வேலை காரணமில்லை. அப்பா போன பிறகு என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அத்தான். எனக்கு வாயாடி என்று பெயர் வைத்ததே அவர்தான். அந்தப் பெயரைச் சொல்ல முடியாமல் அவர் தவிப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. உன் கடிதம் வழியாக வந்து போவது சுலபமாக இருந்தது.

இருபத்தெட்டாம் தேதி வருகிறேன். நேரில் மன்னிப்புக் கேட்கிறேன். நிச்சயம்.

உன்
வாயாடி


ஜூலை 2

தங்கைக்கு,

வந்தாய். சந்தோஷம். கூடவே கேமராவோடு ஒரு ஆளைக் கூட்டி வருவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. "வந்ததுதான் வந்தோம், தெருவை நாலு படம் எடுத்துக்கறோம் அக்கா, அலுவலகத்துல அப்படிச் சொல்லித்தான் லீவு வாங்கினேன்" என்றாய். மன்னிப்புக் கேட்க வருபவள் லீவுக்குக் காரணம் தேடுவாளா?

அதையும் விடு. உன் அத்தான் உன்னைப் பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாரே, கவனித்தாயா? ஒரு மாதத்துக்கு மேல் மூடியிருந்த வாய் திறந்தது. "வா... வா..." என்றார். நான் அடுப்பைக் குறைத்துவிட்டு அடுப்படியிலேயே நின்றேன். நீ என்ன செய்தாய்? "வாயாடிதான் அத்தான், வாயாடியேதான் வந்திருக்கேன்!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாய். நீயே சொல்லிவிட்டாய். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அரை நிமிஷம் போதும். ஊரே முந்திக்கொள்கிறது என்று உனக்குத்தானே எழுதினேன்? அதை மட்டும் படிக்கவில்லையா?

மாலை ரயிலுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாய். தட்டில் மீன் பாதி அப்படியே இருந்தது.

அக்கா


ஜூலை 9

அக்கா,

படங்களைக் கொடுக்கவில்லை. ஆசிரியரிடம் சண்டை போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தையே விட்டுவிட்டேன். இப்போது சமையல் குறிப்புகளைத் திருத்துகிறேன். பதில் எழுது.

வாயாடி


ஆகஸ்ட் 3

அக்கா,

திட்டியாவது எழுது. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அத்தான் எப்படி இருக்கிறார்? அதையாவது சொல்.

வாயாடி


செப்டம்பர் 21

தங்கைக்கு,

சீசன் முடிந்துவிட்டது. கூட்டம் வேறு ஊருக்குப் போய்விட்டது. சமையற்காரம்மா என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள், அரைகுறையாக.

உன் அத்தான் அந்த மணலுக்குத் திரும்பப் போகவில்லை. யாரும் இல்லை, வாருங்கள் என்று கூப்பிட்டேன், தலையை ஆட்டிவிட்டார். இப்போது வேறு இடத்துக்குப் போகிறார். எங்கே என்று எழுத மாட்டேன். எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எதுவும் எழுத மாட்டேன். அங்கே என்ன தெரியும், என்ன வாசனை வரும் என்றெல்லாம் எழுதக் கை பரபரக்கிறது. நிறுத்திக்கொள்கிறேன். உனக்கு எழுதுவதில் எனக்கு இருந்த ஒரே சுகம் அதுதான். அதைத்தான் கெடுத்துவிட்டாய்.

முந்தாநாள் அவர் ஒரு வாக்கியம் சொன்னார். சொல் இல்லை, முழு வாக்கியம். உன்னைப் பற்றி. என்ன சொன்னார் என்று கேட்டு எழுதாதே, சொல்ல மாட்டேன். நல்லதா கெட்டதா என்றுகூடச் சொல்ல மாட்டேன்.

கேட்க வேண்டுமென்றால் வா. தனியாக வா. எதிரில் உட்கார். அவர் சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆகும், சில நாள் பத்து. அதுவரைக்கும் வாயைத் திறக்காதே.

அக்கா